புள்ளியில் தொடங்கும் கோப்பு

கோலக்கெட்டில் செம்பனை ஆலை, எடைப்பாலம்.
இரவு பதினொன்றுக்கு என் முறை.
ஒரே கணினி, மூன்று கிராணிகள்.
கடவுச்சொல் தட்டியதும்
முதலில் கம்பெனியின் கோப்பு ஓடும்:
எழுத்து பச்சை, மொழி மலாய்,
என் பெயர் பயனர் ஏழு.
அப்புறம்தான் ஆளுக்கொரு சொந்தக் கோப்பைத் தேடும்,
ஒன்று இருந்தால்.

அதன் பெயர் புள்ளியில் தொடங்கும்,
அதனால் பட்டியலில் தெரியாது.
நமக்கு இது புதிதா என்ன?
தலையில் புள்ளி விழுந்தால்
எழுத்து தன் அகரத்தை விழுங்கிக்கொண்டு
சொல்லின் நடுவில் வாய்மூடி நிற்கும்.
அதை எடுத்துவிட்டுப் பார்,
உப்பு வெறும் உபு.

யுகேந்திரன் ஜொகூருக்குப் போனபோது
இந்த நாற்காலியையும் கணக்கையும்
எனக்கு விட்டுப்போனான்.
என்னைவிட எட்டு வயது சின்னவன்.
விளக்கிச் சொல்ல நேரமில்லை,
ஒன்பதரைக்கு அவன் பஸ்.
ஒரு மழை இரவில், லோரி வராத நேரத்தில்
நானாகத்தான் அவன் கோப்பைத் திறந்தேன்.

அறுபத்து மூன்று வரி.

எழுத்தைப் பெரிதாக்கு.
பீப் சத்தம் வேண்டாம்.
'கி' என்றால் கிழக்குப் பிரிவு என்று எடுத்துக்கொள்.
ரசீதில் லோரி எண்ணுக்குப் பக்கத்தில்
ஓட்டுநர் பெயரும் வரட்டும்.
மூன்று மணிக்குத் திரையில்:
எழுந்து நட, முகம் கழுவு.

வேறொருவன் சட்டையைப் போட்டதுபோல் இருந்தது.
தோள் தொங்கியது. பையில் அவன் சில்லறை.

வெட்டத் தொடங்கினேன்.
'கி' எனக்கு வேண்டாம், நான் முழுசாகவே தட்டுவேன்.
முகம் கழுவச் சொல்ல நீ யார்?
பிறகு இந்த வரி:
எடையைப் படிக்குமுன் இரண்டு விநாடி பொறு.
சோம்பேறி என்று சொல்லிக்கொண்டே அழித்தேன்.

மறுநாள் முதல் லோரியே தகராறு.
ஒருமுறை பன்னிரண்டு டன் நாற்பது,
மறுமுறை ஏற்றினால் பன்னிரண்டு பதினெட்டு.
சின்னத்தோட்டக்காரர் ஜுல்கிஃப்ளி
தொப்பியைக் கழற்றி
என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.
வெளியே போய் நின்றபோதுதான் தெரிந்தது:
பிரேக் பிடித்த பிறகும்
குலைகளோடு லோரி முன்னும் பின்னும் ஆடுகிறது,
அவசரமாய் இறக்கிய குழம்புச் சட்டி மாதிரி.
அடங்க இரண்டு விநாடி.

திரும்ப எழுதினேன்.
அதற்கு மேலே, இயந்திரம் தாண்டிப்போகிற,
ஆள் மட்டும் படிக்கிற ஒரு வரி:
# லோரி ஆடும். தொடாதே.

போன மாதம் என்சிக் ஃபைசால் வந்தார்.
தலைமையகத்தில் கேட்கிறார்களாம்,
எல்லா ஆலைக்கும் ஒரே அமைப்பு போதாதா?
வரிசையாய் ஒரே நிறக் கதவுகளுக்குள் வளர்ந்தவள் நான்,
'போதாதா' என்ற கேள்வி எனக்குப் பழக்கம்.
பதில் சொல்லாமல் ஒரு லோரியைக் காட்டினேன்.
நின்று பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.
'பியார்லா, காக்' என்று காருக்குப் போனார்.

வெற்றி ஒன்றும் இல்லை.
கம்பெனிக் கோப்பு இப்போதும் முதலில்தான் ஓடுகிறது.
ஆனால் ஒரே விஷயத்தை இரண்டு பேர் சொன்னால்
பிந்திச் சொன்னவர் சொல்தான் நிற்கும் என்பது விதி,
பிந்தி வருவது நான்.
இந்த ஊரில் வேறெந்தச் சட்டமும்
இந்தத் திசையில் ஓடி நான் பார்த்ததில்லை.

எழுத்து இப்போது மஞ்சள்.
எடை தமிழில் விழுகிறது.
பயனர் ஏழு, விமலேஸ்வரி ஆகிவிட்டாள்,
அதுவும் உள்ளே நுழைந்த பிறகு, உள்ளே மட்டும்.

அவன் வரிகளில் ஒன்றுதான் இன்னும் புரியவில்லை:
வெள்ளிக்கிழமை என்றால்
திரையை ஐந்து விநாடி கறுப்பாக்கு.
காரணம் எழுதவில்லை.
போன் பண்ணிக் கேட்கலாம். கேட்கவில்லை.
வெள்ளி இரவு உள்ளே நுழையும்போது
திரை அணைகிறது. கண்ணாடியில் என் முகம்,
தோளுக்குப் பின்னால் ஆலையின் விளக்கு, புகை.
வெளியே ஹார்ன் அடிக்கிறான் முதல் லோரிக்காரன்.

அதற்கும் மேலே எழுதி வைத்தேன்:
# ஏன் என்று தெரியாது. இருக்கட்டும்.